புளியரை ஏற்றத்தில் வெட்டி வெட்டி ஏறும் வண்டிக்கு நாமே பிளக்கு மாற்றுவது

செங்கோட்டையில் இருக்கிறவர்களுக்கு வண்டியின் ஸ்பார்க் பிளக்கு, அதாவது பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்ற வைக்கிற பிளக்கு, தேய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கம்ப்யூட்டர் மாட்ட வேண்டியதில்லை. புளியரையைத் தாண்டி எஸ் வளைவில் மூன்றாவது கியரில் ஒரு மிதி மிதித்தால் போதும், அந்த ஏற்றமே சொல்லிவிடும். தென்காசி ரோட்டில் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போன அதே வண்டி, அங்கே வந்ததும் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி வெட்டி வெட்டி ஏறும், பின்னால் வரும் காய்கறி லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே மாட்டார். கோட்டைவாசல் வந்து சமதளமானதும் சரியாகிவிடும். நாமும் பெட்ரோலில் என்னவோ கலந்திருக்கிறான் என்று பங்க்காரரைத் திட்டிவிட்டு மறந்துவிடுவோம்.

பெரும்பாலும் குற்றம் பெட்ரோலில் இல்லை. பிளக்கின் நுனியில் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சந்து இருக்கும், அதைத் தாண்டித்தான் பொறி பாய வேண்டும். ஓட ஓட முனை தேயும், சந்து அகலும். சமதளத்தில் நிதானமாகப் போகும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, அகன்ற சந்தைக்கூடப் பொறி எப்படியோ தாண்டிவிடும். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உள்ளே காற்றும் பெட்ரோலும் நிறைய நுழைந்து அழுத்தம் கூடுகிறது, அழுத்தம் கூடக்கூடப் பொறி பாய்வதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும், பேட்டரி வோல்டேஜைப் பெருக்கித் தரும் காயிலால் அவ்வளவு தர முடியாத நேரத்தில் அந்த ஒரு அடி விழாமல் போகும். அதுதான் நாம் உணர்கிற வெட்டு. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி, ஆக 2000 ஆர்பிஎம்மில் ஒரு பிளக்கு நிமிடத்துக்கு 1000 முறை அடிக்கிறது. சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்தால் 40,000 கிலோமீட்டர் ஓட 1000 மணி நேரம், அதற்குள் ஆறு கோடிப் பொறி. பாவம், தேயாமல் என்ன செய்யும்.

சரி, மாற்றுவது கஷ்டமா? கஷ்டம் இல்லை. நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டியில் முதல் தடவை ஒன்றரை மணி நேரம் ஆகும், பழகினால் அரை மணி. ஆனால் இந்த வேலையில் ஒரே ஒரு இடத்தில் தப்பு செய்தால் செலவு பிளக்கு விலையில் நிற்காது, சிலிண்டர்களின் மேல் உட்கார்ந்திருக்கும் ஹெட்டைக் கழற்றுகிற வரைக்கும் போகும். அந்த இடம் மரை, அதாவது பிளக்கு திருகி ஏறுகிற சுற்று வெட்டு. கரண்ட் அடிக்குமோ என்று எல்லாரும் பயப்படுகிறார்கள், மரையைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை. நானும் பயப்படவில்லை, அதனால்தான் மாமனாருடைய மாருதி 800-ஐக் கெடுத்தேன்.

மூன்றே மூன்று சிலிண்டர் உள்ள வண்டி, பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்து, குற்றாலத்திலிருந்து வந்த சூட்டோடு பானெட்டைத் திறந்து மூன்று பிளக்கையும் கழற்றினேன். புதுசை ராட்செட்டில் மாட்டி நேராக முறுக்கினேன். நடுப் பிளக்கு ஆரம்பத்திலிருந்தே இறுக்கமாக ஏறியது. இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே என்று இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். அது மரையில் ஏறவில்லை, மரையை வெட்டிக்கொண்டு கோணலாக ஏறியிருக்கிறது. அப்புறம் ஹெட்டைக் கழற்றி லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய், ஓட்டையைப் பெரிதாக்கிப் புது மரை வளையம் போட்டு, கேஸ்கட் வாங்கி, இரண்டு வாரம் வண்டி நின்றது. மாமனார் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் பானெட் பக்கம் போனாலே "நீங்க உள்ள வந்து காப்பி குடிங்க மாப்பிள்ளை" என்று கூப்பிட்டுவிடுவார்.

காரணம் எளிது. பிளக்கின் உடம்பு இரும்பு, ஹெட் அலுமினியம். மென்மையான அலுமினியத்தில் வெட்டிய மரைக்குள் கடினமான இரும்பு மரை போகிறது, கோணல் விழுந்தால் தோற்பது அலுமினியம்தான். போதாக்குறைக்கு, சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், சூடாக இருக்கும்போது கழற்றினால் மரை உராய்ந்து பிய்ந்துகொண்டு வர வாய்ப்பு அதிகம். அதனால் முதல் விதி, இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். கையை வைத்துப் பார்த்தால் சுடவில்லை என்பது போதாது, ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவது உத்தமம். எனக்கு இதையெல்லாம் பிறகு சொல்லிக் கொடுத்தவர் கேரளப் பக்கம் ஆரியங்காவில் பட்டறை வைத்திருக்கும் ஒரு சேட்டன். எந்த வண்டி வந்தாலும் அவர் முதலில் சொல்வது "சூடு ஆறட்டே" என்பதுதான், சொல்லிவிட்டுச் சாயா குடிக்கப் போய்விடுவார்.

வாங்குகிற விஷயத்துக்கு வருவோம். முதலில், உங்களுடையது டீசல் வண்டி என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அதில் இருப்பது குளோ பிளக்கு, அது வேறு கதை. பெட்ரோல் வண்டியில் பெரும்பாலும் ஒரு சிலிண்டருக்கு ஒரு பிளக்கு, ஆனால் பழைய ஹோண்டா சிட்டி ஐ-டிஎஸ்ஐ மாதிரி சிலதில் சிலிண்டருக்கு இரண்டு, மொத்தம் 8. நாலு மட்டும் வாங்கிக்கொண்டு வந்து முழிக்காதீர்கள். எந்த நம்பர் பிளக்கு என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும், அதே நம்பரைத்தான் வாங்க வேண்டும். கடையில் "இதுவும் போடலாம் அண்ணாச்சி, எல்லாம் ஒரே சைஸுதான்" என்பார்கள். ஒரே சைஸாகத் தெரிந்தாலும் மரையின் நீளம் வேறாக இருக்கலாம். நீளம் கூடினால் பிஸ்டனில் போய் இடிக்கும், குறைந்தால் ஹெட்டில் மிச்சம் இருக்கிற மரையில் கரி படிந்து, அடுத்த தடவை சரியான பிளக்கு போடும்போது ஏறாது.

அந்த நம்பருக்குள் வெப்ப எண் என்று ஒன்று ஒளிந்திருக்கிறது. பிளக்கின் நுனி சுமார் 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் அதில் படிகிற கரி தானாக எரிந்து போகும், 850 டிகிரியைத் தாண்டிப் போனால் பொறி விழுவதற்கு முன்னாலேயே அந்தச் சூட்டிலேயே பெட்ரோல் பற்றிக்கொள்ளும் ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும்படி ஒவ்வொரு இன்ஜினுக்கும் பார்த்து வைத்திருக்கிறார்கள். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் சீக்கிரம் சூட்டை வெளியே தள்ளும் குளிர்ந்த பிளக்கு, பாஷ், சாம்பியனில் இது அப்படியே தலைகீழ். ஆகவே ஒரு கம்பெனி எண்ணை வைத்துக்கொண்டு இன்னொரு கம்பெனிப் பிளக்கு வாங்காதீர்கள். என்ஜிகே நம்பரின் கடைசியில் 10 என்று இருந்தால் சந்து 1.0 மில்லிமீட்டர், 11 என்றால் 1.1. நடுவில் ஆர் என்ற எழுத்து இருந்தால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு, அது இல்லாததைப் போட்டால் ரேடியோ கரகரக்கும், வண்டியின் எலக்ட்ரானிக்ஸுக்கும் தொந்தரவு.

சாதா நிக்கல் பிளக்கு 30,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை வரும், நீண்ட ஆயுள் இரிடியம் பிளக்கு ஒரு லட்சம் வரைக்கும் தாங்கும். இரிடியம் போட்டால் பிக்கப் பறக்கும் என்று சொல்வதை நான் நம்புவதில்லை. அடிக்கடி கழற்ற வேண்டாம், அதற்காகப் போடலாம். கேஸ் கிட் உள்ள வண்டி என்றால் கொஞ்சம் சீக்கிரமே மாற்றுங்கள், கேஸைப் பற்ற வைக்கப் பொறி வலுவாக இருக்க வேண்டும். நம்பகமான கடையில் வாங்குங்கள், போலிச் சரக்கு நிறைய வருகிறது. எனக்கு ஒரு கடையில் கொடுத்த பெட்டியில் எழுத்து மங்கலாக இருந்தது, வாஷர் கையாலேயே கழன்று வந்தது, மேல் முனை நடு முனைக்கு நேராக இல்லாமல் ஒதுங்கி நின்றது. நல்ல பிளக்கில் வாஷர் சுழலும், ஆனால் கழன்று விழாது.

சாமான்கள் அதிகம் வேண்டாம். ராட்செட், எக்ஸ்டென்ஷன் ராடு, உள்ளே ரப்பர் அல்லது காந்தம் வைத்த பிளக்கு சாக்கெட். சாக்கெட் அளவு வண்டிக்கு வண்டி மாறும், புது வண்டிகளில் 14 அல்லது 16, பழையதில் 21. காயில் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 நம்பர். ஒரு டார்ச், ஒரு கண்ணாடி, கண்ணாடி என்றால் கண்ணுக்குப் போடுகிறது. சந்தை அளக்கிற ஃபீலர் கேஜ் இருந்தால் நல்லது. பெட்ரோல் டியூப்பில் ஒரு ஜாண் துண்டு, இதுதான் இருப்பதிலேயே முக்கியமான சாமான், ஏன் என்று பிறகு சொல்கிறேன். சாக்கெட்டையும் எக்ஸ்டென்ஷனையும் சேர்த்து இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் சாக்கெட் பிளக்கைக் கவ்விக்கொண்டு, பிளக்கு இருக்கிற குழிக்குள்ளேயே நின்றுவிடும், வெறும் ராடு மட்டும் கையோடு வரும். எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டுகிற டார்க் ரெஞ்சு இருந்தால் ரொம்ப நல்லது, இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது.

எங்கே நிறுத்திச் செய்கிறோம் என்பதும் எங்கள் பக்கத்தில் ஒரு கேள்விதான். ஆடி மாதம் கணவாய் வழியாக வருகிற காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், அம்மி பறக்கிறதோ இல்லையோ மணல் பறக்கும், சாரல் வேறு. பிளக்கைக் கழற்றிய ஓட்டை நேராக சிலிண்டருக்குள் போகிறது, அதில் ஒரு சிட்டிகை மணல் விழுந்தால் பிஸ்டன் சுவரைக் கீறும். அதனால் ஷெட்டுக்குள் செய்யுங்கள், இல்லாவிட்டால் காற்று அடங்கிய நாளாகப் பாருங்கள். சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர் யாராவது பீடி பற்ற வைத்தால் முதலில் அவரை அனுப்பிவிடுங்கள்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் வைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் சாவியை வீட்டுக்குள் தள்ளி வையுங்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும், விரலை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பேட்டரியில் கறுப்பு வயரை, அதாவது நெகட்டிவை மட்டும் கழற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள். சிவப்பை முதலில் கழற்றினால், ஸ்பானரின் மறு நுனி பாடியில் பட்ட அந்த நொடியே ஷார்ட் ஆகி, கையில் மின்னல் வெட்டும். ஹைபிரிட் வண்டியில் ஆரஞ்சு நிற வயர் தெரிந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள், நேராக சர்வீஸுக்கு விடுங்கள்.

இங்கே ஒரு பழைய பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பாசிடர் காலத்து மெக்கானிக்குகள் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கு வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள். இப்போதைய வண்டிகளில் அதைச் செய்யாதீர்கள். காயிலிலிருந்து வருவது 20,000 வோல்ட்டுக்கு மேல், கையில் அடிப்பதோடு காயிலும் போகும், கம்ப்யூட்டரும் போகும். எந்த சிலிண்டர் என்று தெரிய வேண்டுமானால் வண்டிக் கம்ப்யூட்டரின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கிற ஒரு சின்ன ஸ்கேனர் போதும், பி0301 என்று காட்டினால் முதல் சிலிண்டர், பி0303 என்றால் மூன்றாவது. புதுப் பிளக்கு போட்ட பிறகும் முதல் சிலிண்டரில் மிஸ், அதாவது அந்த வெட்டு, வருகிறதா, இன்ஜினை அணைத்துவிட்டு முதல் காயிலை மூன்றாவதில் மாற்றிப் போடுங்கள். குறியீடும் கூடவே பி0303-க்குப் போனால் காயில் காலி, அங்கேயே நின்றால் வேறு எங்கோ கோளாறு.

இன்ஜின் மேல் பிளாஸ்டிக் மூடி இருந்தால் எடுத்துவிடுங்கள், சிலதில் ஏர் ஃபில்டர் பெட்டியையும் நகர்த்த வேண்டியிருக்கும். காயில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வயர் கனெக்டர், அதில் ஒரு பூட்டு நாக்கு இருக்கும். அதை அமுக்கிக்கொண்டு கனெக்டரைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். வருடக்கணக்கில் சூட்டில் வெந்த பிளாஸ்டிக், முறுக்கென்று உடையும். போல்ட்டைக் கழற்றி, காயிலை இப்படியும் அப்படியும் லேசாகத் திருகிவிட்டு நேராக மேலே தூக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போடாமல் ஒரு சிலிண்டரை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், எந்த வயர் எதற்கு என்ற குழப்பம் வராது. பழைய மாடலில் நீளமான வயர் வரும் வண்டிக்கு இது இன்னும் முக்கியம், வயர் மாறினால் வண்டி எடுக்காது, எடுத்தாலும் பட்டாசு வெடிக்கும்.

காயிலைத் தூக்கியதும் டார்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள். தண்ணீர் நின்றால் யாரோ பிரஷர் பம்பு வைத்து இன்ஜினைக் கழுவியிருக்கிறார்கள். குற்றால சீசன் முடிந்து சேறோடு வருகிற வண்டிகளில் இது சகஜம், பாதி மிஸ்ஸிங் புகார் இந்தத் தண்ணீரால்தான். எண்ணெய் நின்றால் ஹெட்டின் மேல் இருக்கிற வால்வு மூடியின் ரப்பர் சீல் போயிருக்கிறது, பிளக்கோடு அதையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் காயிலின் ரப்பர் ஊறிப் புடைத்து அதுவும் வீணாகும். எது இருந்தாலும் துணியைக் குச்சியில் சுற்றி ஒற்றி எடுங்கள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காற்று அடியுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரஸர் கிடைத்தால் நல்லது, சைக்கிள் பம்பிலும் ஓரளவு ஆகும். பிளக்கைக் கழற்றுவதற்கு முன்னால்தான் காற்றடிக்க வேண்டும், கழற்றிய பிறகு அடித்தால் அத்தனை குப்பையும் சிலிண்டருக்குள் போய்விடும்.

இப்போது சாக்கெட்டை நேராக இறக்கி, இடது பக்கமாகத் திருப்புங்கள். முதலில் ஒரு 'டக்' என்ற சத்தத்தோடு விடும், அதற்குப் பிறகு கையாலேயே கழன்று வர வேண்டும். சாக்கெட்டைக் கோணலாகப் பிடித்தால் வெள்ளைப் பீங்கான் உடையும், உடைந்த துண்டு உள்ளே விழுந்தால் தலைவலி. கால் சுற்று வந்துவிட்டு இறுகிக்கொண்டால் பலத்தைக் காட்டாதீர்கள். மரை விடும் ஸ்பிரே கொஞ்சம் அடித்து, அரை மணி நேரம் விட்டு, திரும்ப வலது பக்கம் கொஞ்சம், இடது பக்கம் கொஞ்சம் என்று முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்துக் கழற்றுங்கள். அப்படியும் வராவிட்டால் அதே நிலையில் இறுக்கிவிட்டுப் பட்டறைக்குப் போங்கள், அதில் ஒன்றும் அவமானம் இல்லை.

கழற்றியதைத் தூக்கி எறியாதீர்கள், சிலிண்டர் வரிசைப்படி ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். இன்ஜினின் ஜாதகம் அதில்தான் இருக்கிறது. நுனி இளம்பழுப்பு அல்லது சாம்பல் நிறமாக இருந்தால் எல்லாம் நலம். காய்ந்த கரி மாதிரி கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் இடையே மட்டுமே ஓடுகிற வண்டியாக இருக்கலாம், இன்ஜின் சூடாவதற்குள் அணைத்துவிட்டால் கரி எரிவதே இல்லை. பளபளவென்று ஈரமான கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில் உள்ளே வருகிறது, வால்வு சீல் அல்லது ரிங் வேலை காத்திருக்கிறது. நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கொப்புளம் விட்டிருந்தால் அதிகச் சூடு, கூலிங்கைப் பாருங்கள், பிளக்கு நம்பர் சரியா என்றும் பாருங்கள். நாலில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் அந்த சிலிண்டரில் தனியாக ஏதோ பிரச்சினை. வெளியே தெரிகிற வெள்ளைப் பீங்கானில், அறுகோணத்துக்கு மேலே, பழுப்பு வளையம் ஒன்று இருக்கும், அதைப் பார்த்து கேஸ் லீக் ஆகிறது என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். அது அதிக வோல்டேஜால் பக்கத்தில் இருக்கிற எண்ணெய்த் துகள்கள் ஒட்டுகிற கறை, அவ்வளவுதான்.

புதுப் பிளக்கை எடுத்து ஃபீலர் கேஜ் விட்டுச் சந்தைப் பாருங்கள், பெட்டியில் வருவதே பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். நிக்கலில் கொஞ்சம் மாற்ற வேண்டுமானால் மேல் முனையை மட்டும் மெதுவாக வளைக்கலாம். இரிடியத்தில் நெம்பாதீர்கள், நடு முனை பென்சில் முனை மாதிரி மெல்லியது, ஒடிந்துவிடும். சிமெண்ட் தரையில் கீழே விழுந்த பிளக்கை மாட்டாதீர்கள், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம். மரையில் கிரீஸோ ஆயிலோ தடவுகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. பூச்சு போட்டு வருகிற பிளக்குக்கு அது தேவையில்லை, தடவினால் வழுக்கி அளவுக்கு மேல் இறுகும், நாம் எவ்வளவு முறுக்கினோம் என்று கைக்குத் தெரியாது.

இப்போது அந்த ஒரு ஜாண் டியூப். பிளக்கின் தலையை, அதாவது காயில் உட்காருகிற பக்கத்தை, டியூப்பில் செருகி, குழிக்குள் மெதுவாக இறக்குங்கள், போடாதீர்கள், இறக்குங்கள். முதலில் இடது பக்கமாகக் கழற்றுவது போலத் திருப்புங்கள். ஒரு இடத்தில் லேசாகப் பொத்தென்று இறங்குவது விரலுக்குத் தெரியும், மரையின் வாய் வாயோடு சேர்ந்த இடம் அதுதான். அங்கிருந்து வலது பக்கம் திருப்புங்கள். டியூப் மென்மையானது என்பதால், மரை கோணலாகப் பிடித்தால் பிளக்கு நின்றுவிடும், டியூப் மட்டும் வழுக்கிக்கொண்டு சுற்றும். அதற்குத்தான் டியூப். ராட்செட்டுக்கு அந்த இரக்கம் கிடையாது, அது கோணலாக இருந்தாலும் ஏற்றிவிடும், மாமனார் வண்டியில் அதுதான் நடந்தது. வழுக்கினால் வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள், பத்துத் தடவை ஆனாலும் பரவாயில்லை. சரியாக ஏறினால் ஐந்தாறு சுற்று வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போய், வாஷர் உட்கார்ந்ததும் நிற்கும்.

அதற்குப் பிறகுதான் ராட்செட், அதுவும் கைப்பிடியின் நுனியைப் பிடிக்காமல் தலைப் பக்கம் பிடித்து. வாஷர் உள்ள, மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர் இருக்கிற புதுப் பிளக்கு என்றால், கையால் இறுகி நின்ற இடத்திலிருந்து அரை சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை. அந்த வாஷர் நசுங்குவதற்காகவே செய்தது, நசுங்குவது கையில் தெரியும். வாஷர் இல்லாமல் கூம்பு மாதிரி உட்காரும் பிளக்கு என்றால் பதினாறில் ஒரு சுற்றுதான், அதை அரை சுற்று முறுக்கினால் கதை முடிந்தது. ஏற்கெனவே ஒரு முறை மாட்டிய பிளக்கைத் திரும்ப மாட்டுகிறீர்களா, வாஷர் முன்பே நசுங்கியிருக்கும், பன்னிரண்டில் ஒரு சுற்று போதும். டார்க் ரெஞ்சு வைத்திருப்பவர்களுக்கு, அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீட்டர் வாஷர் பிளக்குக்குப் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. பிளக்குப் பெட்டியிலோ வண்டிக் கையேட்டிலோ வேறு அளவு போட்டிருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரியங்காவுச் சேட்டன் முன்னால் நான் முதல் தடவை முறுக்கியபோது பக்கத்தில் நின்று "மதி, மதி" என்று கத்தினார். மலையாளத்தில் மதி என்றால் போதும். நான் என்னைப் புத்தியோடு செய்யச் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் கவனமாக இன்னும் கொஞ்சம் முறுக்கப் போனேன், ராட்செட்டையே பிடுங்கிக்கொண்டார். அதற்காக லூஸாகவும் விட்டுவிடக் கூடாது. பிளக்கு தன் சூட்டை மரை வழியாகவும் வாஷர் வழியாகவும்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது, சரியாக உட்காராவிட்டால் சூடு போக வழியில்லாமல் நுனி உருகும், கேஸ் கசியும், மோசமானால் பிளக்கே அதிர்ந்து அதிர்ந்து கழன்று மரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

காயிலைத் திரும்ப இறக்குவதற்கு முன் ரப்பர் வாயின் உள்விளிம்பில் சிலிகான் கிரீஸ் ஒரு பொட்டு தடவினால் அடுத்த தடவை ஒட்டிக்கொள்ளாது, ஆனால் உள்ளே இருக்கும் உலோக ஸ்பிரிங்கில் அப்ப வேண்டாம். நேராக அமுக்குங்கள், பிளக்கின் தலையில் போய் உட்காருவது கைக்குத் தெரியும். போல்ட்டைப் போட்டு லேசாக இறுக்கி, கனெக்டரை 'கிளிக்' சத்தம் கேட்கும் வரை தள்ளுங்கள். நாலும் முடிந்ததும் சாமான்களை எண்ணிப் பாருங்கள், நான் ஒரு முறை 10 நம்பர் சாக்கெட்டை உள்ளேயே விட்டுவிட்டுத் தென்மலை வரை போய்வந்தேன். கடைசியாகப் பேட்டரி வயர். கடிகாரம் அழிந்திருக்கும், ஐடிலிங் முதல் சில நிமிடம் ஏறி இறங்கலாம், கம்ப்யூட்டர் மறுபடி பழகுகிறது, பயப்படாதீர்கள்.

ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஒரு நிமிடம் கேளுங்கள். குலுங்கினால் உடனே அணைத்துவிடுங்கள், பத்துக்கு ஒன்பது தடவை ஏதாவது ஒரு கனெக்டர் சரியாக உட்கார்ந்திருக்காது. 'புஸ் புஸ்' என்று காற்று விடுகிற சத்தம் வந்தால் ஒரு பிளக்கு லூஸ், ஆறவிட்டுப் பாருங்கள். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாகப் பட்டறைக்குப் போகலாம், ஆனால் விட்டு விட்டு மின்னினால் ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல் சைலன்சருக்கு முன்னால் இருக்கிற, புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதை உருக்கிவிடும், அது பிளக்கு மாதிரி நூறு இருநூறில் முடிகிற சாமான் இல்லை.

எல்லாம் சரி என்றால் ஒரு ஓட்டம் புளியரை வரை. எஸ் வளைவில் அதே மூன்றாவது கியர், அதே மிதி. வெட்டு இல்லாமல் ஏறினால் ஆரியங்காவு வரை போய் ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டுத் திரும்புங்கள், இறங்கும்போது நியூட்ரலில் மட்டும் விடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் மீட்டரில் காட்டுகிற கிலோமீட்டரையும் தேதியையும் காலிப் பிளக்குப் பெட்டியின் மேல் எழுதி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள்.